கழுவிய தரையில் யார் குடியேறுவது?

பினாயில் ஊற்றித் துடைத்ததும் அறை முழுக்க ஒரு வாசனை நிற்கும். அதுதான் சுத்தம் என்று நம் மூக்கு பழகிப்போயிருக்கிறது. அந்த வாசனை அடங்குவதற்குள் தரையில் வேறொன்று தொடங்கிவிடுகிறது. மருந்து பட்ட இடத்தில் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி செத்துவிடுவது உண்மைதான். ஆனால் ஈரம் காய்ந்ததும் மருந்தின் வேலையும் முடிந்துவிடும். செருப்புக் காலோடு ஒருவர் நடக்கிறார், தள்ளுவண்டி உருள்கிறது, யாரோ இருமுகிறார், காற்றிலிருந்து தூசு இறங்குகிறது. சில மணி நேரத்தில் தரையில் மறுபடி கூட்டம் சேர்ந்துவிடும். அதில் சாதுவானவையும் இருக்கும், நோய் தரக்கூடியவையும் இருக்கும். கிருமிநாசினி காலி செய்து வைத்த இடத்தில் யார் வந்து உட்கார்வது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை, அதுவாக நடக்கிறது.

அதை நாமே தீர்மானித்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான் நுண்ணுயிரைக் கொண்டு சுத்தம் செய்யும் முறை. கெட்டவை வந்து சேர்வதற்குள், தீங்கு செய்யாத நுண்ணுயிர்களைத் தரையிலும் சுவரிலும் சாக்கடைக் குழாயிலும் கொண்டுபோய் வைத்துவிடுவது. பேருந்து வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறோமே, அதேதான். இடமும் அங்கே கிடைக்கும் தீனியும் முதலில் வந்தவருக்குப் போய்விட்டால், பின்னால் வருபவர் பெருகுவது கடினம். ஐரோப்பாவில் சில மருத்துவமனைகளிலும், பல நாடுகளில் ஓட்டல் அடுக்களைகளிலும் பொதுக் கழிப்பறைகளிலும் இது நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரிலும் 'பயோ கிளீனர்', 'புரோபயாட்டிக் கிளீனர்' என்ற பெயர்களில் கேன் கேனாக விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்குவதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது, எங்கே செய்யாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கேனுக்குள் இருப்பவை பெரும்பாலும் பேசில்லஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள். பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் பியூமிலஸ், பேசில்லஸ் மெகாட்டீரியம் என்று பெயர்களைப் பார்க்கலாம். இவை ஆய்வுக்கூடத்தில் புதிதாக உருவாக்கியவை அல்ல. மண்ணிலும் வைக்கோலிலும் நம் காலில் ஒட்டும் புழுதியிலும் என்றும் இருப்பவை. ஜப்பானியர்கள் நாட்டோ என்ற பெயரில் சாப்பிடும் சோயா மொச்சையைப் புளிக்கச் செய்வதும் சப்டிலிஸின் ஒரு வகைதான்.

ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்க, இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1870களில் ஜெர்மன் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் வைக்கோல் ஊறிய தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தார். கொதித்து ஆறிய நீரிலும் இந்தப் பாக்டீரியா மறுபடி தலையெடுத்தது. ஸ்போர் என்ற வித்தாக மாறி அது கொதிநிலையைத் தாண்டியிருந்தது. தீனி தீர்ந்துபோனால் பேசில்லஸ் தன் மரபுப் பொருளை அடுக்கடுக்கான கெட்டி உறைக்குள் பூட்டிக்கொண்டு, உள்ளிருக்கும் நீரைக் குறைத்துக்கொண்டு உறங்கிவிடும். வெயிலும் வறட்சியும் சோப்பும் அந்த வித்தை எளிதில் அழிப்பதில்லை. அதனால்தான் சோப்புப் பொருளோடு சேர்த்து ஒரே கேனில் அடைத்து மாதக்கணக்கில் கடையில் வைத்து விற்க முடிகிறது. தயிரில் இருக்கும் லாக்டிக் பாக்டீரியாவை அப்படி அடைத்து வைக்க முடியாது.

வித்து ஈரமான இடத்தில் விழுந்து, பக்கத்தில் சர்க்கரையோ புரதச் சிதைவோ இருப்பதை உணர்ந்தால் சில நிமிடங்களில் விழித்துக்கொள்ளும். ஓரிரு மணி நேரத்தில் முழு பாக்டீரியாவாக வளர்ந்து இரண்டாகப் பிரியத் தொடங்கும். அதற்கு வாய் கிடையாது. பிசுக்கை அப்படியே விழுங்க முடியாது. அதனால் நொதிகளை வெளியே சுரக்கிறது. புரோட்டியேஸ் புரதத்தை வெட்டும், லைப்பேஸ் கொழுப்பைப் பிரிக்கும், அமைலேஸ் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். பெரிய அழுக்கு சிறு துண்டுகளானதும் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். அழுக்கில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் போய்விடும். மீதி புதிய பாக்டீரியாவாகும். சோப்பு அழுக்கைப் பெயர்த்து எடுத்து இன்னொரு இடத்துக்கு அனுப்புகிறது. இதுவோ இருந்த இடத்திலேயே அதைத் தின்று தீர்க்கிறது. அடிப்படை வேறுபாடு இதுதான்.

நொதியைக் கொண்டு கறை நீக்குவது புதிதல்ல. 1913-லேயே ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் விலங்குக் கணையத்தின் நொதிகளைத் துணி துவைக்கப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார். இன்று நம் வீட்டுச் சலவைத்தூள் பலவற்றில் இருக்கும் நொதி, பேசில்லஸ் இனத்திடமிருந்து பிரித்தெடுத்ததுதான். சலவைத்தூளில் நொதி மட்டும் வருகிறது, பயோ கிளீனரில் நொதியைச் சுரக்கும் உயிரே வருகிறது. ஊற்றிய நொதி சிதைந்து தீர்ந்துவிடும். உயிரானால், அழுக்கும் ஈரமும் இருக்கும்வரை சுரந்துகொண்டே இருக்கும்.

இது நன்றாகப் பலன் தரும் இடம் ஓட்டல் அடுக்களைத் தரை. டைல்ஸுக்கு நடுவில் ஓடும் சிமென்ட் கோட்டைக் குனிந்து பார்த்தால் காரணம் புரியும். டைலின் முகம் வழுவழுப்பானது. எதையும் உள்ளே விடாது. நடுவில் இருக்கும் கோடோ நுண்துளைகள் நிறைந்தது. தோசைக்கல்லிலிருந்து தெறித்த எண்ணெய், வழிந்த சாம்பார், கழுவும்போது சிந்திய இட்லி மாவு எல்லாம் அந்தத் துளைகளுக்குள் இறங்கிக் கறுத்துக் கிடக்கும். மாப்பு டைலின் முகத்தைத் துடைத்துவிட்டு, அழுக்குத் தண்ணீரை அந்தக் கோட்டுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. அடுத்த நாள் அடுப்புச் சூட்டிலும் கால் மிதிபட்டும் அது மேலே கசிந்து வரும்போது தரை வழுக்குகிறது, புளித்த வாடை அடிக்கிறது. எவ்வளவு வீரியமான பினாயில் ஊற்றினாலும் அந்தக் கொழுப்பு கரைவதில்லை. ஆசிட் ஊற்றினால் அது சிமென்ட்டை அரிக்கிறது. துளை பெரிதாகி, அடுத்த முறை இன்னும் அதிகமாக அழுக்கைக் குடிக்கிறது.

இங்கே பயோ கிளீனரைப் பயன்படுத்தும் முறை வேறு. கடை மூடியதும் தரையைப் பெருக்கி, வெதுவெதுப்பான நீரில் கலந்த கரைசலை ஊற்றி, டெக் பிரஷ்ஷால் கோடு கோடாகத் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளிவிட வேண்டும். அதற்குமேல் பச்சைத் தண்ணீர் விட்டு அலசக் கூடாது. இரவு முழுக்க ஆள் நடமாட்டமில்லாத அந்த ஐந்தாறு மணி நேரத்தில், ஈரம் தங்கிய கோட்டுக்குள் பாக்டீரியா தன் வேலையைச் செய்யும். ஒரே இரவில் பளிச்சென்று மாறாது. வாரக்கணக்கில் கோடு மெல்ல வெளுத்துக்கொண்டு வரும், வழுக்கல் குறையும். "ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று மூன்றாம் நாளே கேனை ஓரம் கட்டுபவர்கள் இந்தப் பொறுமைக்கு இடம் தருவதில்லை.

அடுக்களைத் தரைக்கு அடுத்தது சாக்கடைக் குழாய். சூடான எண்ணெயும் நெய்யும் குழாயில் இறங்கிக் குளிர்ந்ததும் உறையும். நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்புபோல் கெட்டியாகும். 2017-ல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கண்டெடுத்த கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. ஓட்டல்களில் கழிவுநீர் வெளியேறும் முன் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் தொட்டி, அதாவது கிரீஸ் டிராப், வைப்பது இதற்காகத்தான். அந்தத் தொட்டிக்கு மேலே உள்ள குழாய்களில் இரவில் பாக்டீரியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் படிமானம் குறைகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாக்டீரியா ஊற்றினால் தொட்டியை வாரவே வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பக் கூடாது. நொதி கொழுப்பைப் பாதி மட்டும் இளக்கிவிட்டு, அது தின்னப்படாமலே தண்ணீரோடு வெளியேறினால், தெருச் சாக்கடையில் போய் மறுபடி உறையும். அடைப்பு நம் வாசலிலிருந்து அடுத்தவர் வாசலுக்கு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். தொட்டியில் மிதக்கும் எண்ணெயை வாரி எடுப்பதை நிறுத்தவே கூடாது.

கழிப்பறையின் கதையும் இதுபோலத்தான். புதிதாகக் கழித்த சிறுநீருக்கு அவ்வளவு நாற்றம் கிடையாது. அதிலுள்ள யூரியாவைச் சில பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியா ஆக்கும்போதுதான் கண்ணைக் கரிக்கும் வாடை வருகிறது. அதோடு நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து யூரினலின் வளைவுக் குழாயில் மஞ்சள் காறையாகப் படிகிறது; அந்தக் காறைக்குள் நாற்றப் பாக்டீரியா பத்திரமாக வாழ்கிறது. ஆசிட் காறையைக் கரைக்கும், சந்தேகமில்லை. ஆனால் பேருந்து நிலையக் கழிப்பறைகளில் ஆசிட் விட்டு அரித்துப்போன தரையையும், அதன் மேல் தூவிய பிளீச்சிங் பவுடரையும் பார்த்திருப்போம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; கதவடைத்த கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து. நாள்தோறும் பயோ கிளீனர் தேய்த்துவரும் இடத்தில், டைல் இடுக்குகளில் சிறுநீரின் கரிமப் பொருள்கள் தீர்ந்துகொண்டே இருப்பதால் நாற்றப் பாக்டீரியாவுக்குத் தீனியும் இடமும் குறைகிறது. ஏற்கெனவே கெட்டிப்பட்ட காறையைப் பாக்டீரியா கரைக்காது. அதை முதலில் சுரண்டியோ, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் போன்ற மிதமான ஒன்றால் ஊறவைத்தோ எடுத்துவிட்டு, நன்றாக அலசி, பிறகு தொடங்க வேண்டும்.

இந்த முறையைப் பற்றிய பெரிய ஆய்வுகள் நடந்தது ஓட்டலில் அல்ல, மருத்துவமனையில். இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா காசெல்லி என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் மருத்துவமனைத் தரைகளில் பேசில்லஸைக் குடியேற்றிப் பார்த்தார்கள். மேலே சொன்ன மூன்று பேசில்லஸ்களின் கலவை. சூழலுக்குக் கேடு செய்யாத சோப்புக் கரைசலோடு சேர்த்தது. 2016 ஜனவரியிலிருந்து 2017 ஜூன் வரை ஆறு பொது மருத்துவமனைகளின் பொது மருத்துவ வார்டுகளில் ஆய்வு நடந்தது. தரை, கட்டிலின் கால்மாட்டுச் சட்டம், குளியலறையின் கைகழுவும் தொட்டி என மூன்று இடங்களிலிருந்து மாதிரி எடுத்தார்கள். வளர்ப்பு ஊடகம் நிரப்பிய சிறு வட்டத் தட்டைப் பரப்பின் மீது அப்படியே ஒத்தி எடுத்து, சூட்டுப்பெட்டியில் வளர்த்து, முளைத்த புள்ளிகளை எண்ணுவது. இப்படி மொத்தம் 24,875 மாதிரிகள்.

2018-ல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான முடிவு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வழக்கமான முறையில் சுத்தம் செய்த காலத்தில் 5,930 நோயாளிகளில் 284 பேருக்கு மருத்துவமனையிலேயே தொற்று ஏற்பட்டிருந்தது, அதாவது 4.8 சதவீதம். பேசில்லஸ் முறைக்கு மாறிய பிறகு 5,531 பேரில் 128 பேர், 2.3 சதவீதம். பரப்புகளில் இருந்த நோய்க்கிருமிகள் சராசரியாக 83 சதவீதம் குறைந்திருந்தன. மருந்துக்கு அடங்காத தன்மையைத் தரும் மரபணுக்களும் பரப்புகளில் வெகுவாகக் குறைந்திருந்தன. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விஷயம்தான். கிருமிநாசினி எல்லாவற்றையும் அடிக்கும்போது அதைத் தாங்கிப் பிழைப்பவை வலுவானவையாக இருக்கின்றன. இடத்தைப் பறிகொடுத்து மறையும் கிருமிக்கு அப்படி வலுவேற வழி இல்லை.

இதோடு நிறுத்திவிட்டால் அது விளம்பரமாகிவிடும். ஃபெராரா ஆய்வு ஒரே வார்டில் முதலில் பழைய முறை, பிறகு புது முறை என்று முன்பின்னாக ஒப்பிட்டது. இடையில் வேறு ஏதாவது மாறியிருந்தால் அதன் பங்கையும் புது முறை தன் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கலாம். பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை 2017, 2018-ல் இதைவிடக் கறாரான சோதனை ஒன்றைச் செய்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு அல்லாத 18 வார்டுகள். சோப்பு, கிருமிநாசினி, பேசில்லஸ் கலவை ஆகிய மூன்றையும் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வார்டும் ஒவ்வொன்றையும் நான்கு மாதம் பயன்படுத்தியது. கணக்கில் வந்த நோயாளிகள் 13,896 பேர். முடிவில் மூன்று முறைகளுக்கும் இடையே தொற்று விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

பயோ கிளீனர் விற்பவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைச் சொல்வதில்லை. கிருமிநாசினி விற்பவர்களும் சொல்வதில்லை, ஏனென்றால் அது இருவருக்குமே வசதியில்லாத செய்தி. பேசில்லஸ் தொற்றைப் பாதியாக்கும் என்று எல்லா இடத்துக்கும் உறுதி கூற முடியாது. அதே சமயம், சாதாரண வார்டுத் தரையைத் தினமும் கிருமிநாசினியால் துடைப்பதில் வெறும் சோப்பைவிடக் கூடுதல் பயன் எதையும் பெர்லினில் காணவில்லை. மருத்துவமனை வார்டின் நிலையே அது என்றால், நம் அலுவலக வராந்தாவிலும் திருமண மண்டபத்திலும் பள்ளி வகுப்பறையிலும் லிட்டர் லிட்டராகக் கிருமிநாசினி ஊற்றுவது எதற்கு? இந்தத் தலைப்பில் எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இதுதான். முதலில் தேவையில்லாத இடத்தில் விஷத்தை நிறுத்துவோம். அழுக்கு ஊறிப்போன இடங்களில் நல்ல நுண்ணுயிரைத் துணைக்கு அழைப்போம்.

ரத்தம், வாந்தி, மலம் சிந்திய இடம், அறுவைச் சிகிச்சை அறை, தொற்றுநோயாளி இருந்த அறை போன்ற இடங்களில் கிருமிநாசினிதான் வேண்டும். ஹைப்போகுளோரைட் போன்ற கிருமிநாசினிக் கரைசலை அங்கே பயோ கிளீனர் ஈடு செய்யாது. பேசில்லஸ் மெதுவாக இடம்பிடிப்பது. உடனடியாகக் கொல்ல வேண்டிய இடத்தில் அதற்கு வேலையில்லை. காய்கறி நறுக்கும் பலகை, பாத்திரம், மேசை போன்ற உணவு படும் பரப்புகளிலும் இதை ஊற்றிவிட்டு அலசாமல் விடும் பேச்சே கூடாது.

ஊற்றிய கிருமிநாசினி எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, அதிலிருக்கும் பாக்டீரியாவைப் பெருக்கி, அவற்றைக் கொண்டே கழிவைத் தின்னவைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் உலகெங்கும் பெரிய கழிவுநீர் நிலையங்கள் பலவும், சென்னை, கோவை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் ஓடும் எஸ்.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்புகளில் பலவும் அந்த வழியில்தான் இயங்குகின்றன. அந்தத் தொட்டியில் பழுப்பாகச் சுழலும் சேறு முழுக்க உயிர். மேலே ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் ஆசிட்டும் பிளீச்சிங்கும் பினாயிலும் ஊற்றினால் கீழே அந்தச் சேறு சோர்ந்துபோகும். எஸ்.டி.பி. நாறுகிறது என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆபரேட்டரைத் திட்டுவார்கள். உண்மையில் அவருடைய பாக்டீரியாவை மேல்தளத்திலிருந்தே சாகடித்துக்கொண்டிருப்போம். பேசில்லஸ் கலந்த கழிவுநீர் இறங்கினால் அந்தச் சேற்றுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

இன்னொரு பக்கம் மனித உடல். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 6,235 பேரின் நுரையீரல் திறனை 20 ஆண்டுக் காலத்தில் அளந்து பார்த்தார்கள். சுத்தம் செய்யும் தொழிலில் இருந்த பெண்களுக்கும், வீட்டில் அந்த வேலையைச் செய்துவந்த பெண்களுக்கும் மூச்சுத்திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ரசாயனங்கள் மூச்சுக்குழாயின் உள்தோலைத் தொடர்ந்து அரிப்பதுதான் காரணம் என்பது அவர்கள் கருத்து. பெரும்பாலான வேலைக்கு மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீரும் போதும் என்றார்கள். நம் ஊரில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலியில் இருக்கும் பெண்கள். ஜன்னல் இல்லாத கழிப்பறையில் ஆசிட் புகையில் நின்று தேய்ப்பவர்கள் அவர்கள்தான். வெளியே நின்று 'வாசனை வரலையே' என்று கேட்பவர் மேலாளர். வாசனையை வைத்துச் சுத்தத்தை அளக்கும் வரை அந்தப் பெண்களின் நுரையீரல்தான் விலை கொடுத்துக்கொண்டிருக்கும்.

பயோ கிளீனரும் முழுக்க அப்பாவி அல்ல. 1969-ல் பிரிட்டனில், நொதி கலந்த சலவைத்தூள் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு ஆஸ்துமா வந்ததை லான்செட் இதழ் வெளியிட்டது. பேசில்லஸ் சப்டிலிஸின் நொதித் தூள் மூச்சில் போனதுதான் காரணம். அதன் பிறகே நொதியை மெழுகுபோன்ற உறையிட்ட குருணையாக்கித் தூசு பறக்காமல் செய்தார்கள். பயோ கிளீனரை மாப்பு, வாளி, பிரஷ் கொண்டு தரையில் இடலாம். புகைபோல் பறக்கும் ஸ்பிரேயாக அறை முழுக்க அடிக்கக் கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் இருக்கும் இடத்தில் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் உயிருள்ள எதையும் தெளிக்கக் கூடாது. ஃபெராரா குழு தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கண்காணித்ததில் தரையிலிட்ட பேசில்லஸால் நோயாளிகளுக்குத் தொற்று வந்ததாகக் காணவில்லை. அது அவர்கள் தேர்ந்தெடுத்த, தூய்மை சோதித்த கலவை. பெயர் தெரியாத கேனுக்கு அந்தச் சான்றைக் கடன் கொடுக்க முடியாது. பேசில்லஸ் இனத்திலேயே உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸும் இருக்கிறது.

நம் வீடுகளில் பரவியிருக்கும் பழத்தோல் பயோ என்சைமையும் இதையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடித் தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் ஊறல். குப்பைக்குப் போகும் தோல் பயன்படுகிறது என்ற வகையில் நல்ல வேலைதான். ஆனால் அந்தப் புளித்த நீர் சுத்தம் செய்வது முக்கியமாக அதன் அமிலத்தால், வினிகர் செய்வதுபோல. பாத்திரத்துக்கும் கண்ணாடிக்கும் சரி. கடப்பாக்கல்லும் மார்பிளும் சுண்ணாம்புக்கல் வகை. அவற்றில் தொடர்ந்து விட்டால் மெருகு போய்விடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. ஆரோவில் பக்கம் பேசப்படும் ஈ.எம். கரைசல் மூன்றாவது வகை. ஜப்பானின் ஒகினாவாவில் தெருவோ ஹிகா என்ற தோட்டக்கலைப் பேராசிரியர் 1980களில் பரப்பியது. லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட் போன்றவற்றின் கூட்டு. அதில் பேசில்லஸைப்போல் வித்தாக உறங்கும் திறனை நம்பி வைத்திருக்க முடியாது என்பதால் சீக்கிரம் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும்.

நுண்ணுயிரை நம்பிப் பெரிய அளவில் இறங்கி அடிபட்ட கதையும் நம்மிடம் உண்டு. ரயில் பெட்டிகளின் பயோ டாய்லெட்டுகளுக்கு பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய பாக்டீரியாக் கலவை தரப்பட்டது. நோக்கம் உயர்ந்தது, தண்டவாளத்தில் மலம் விழக் கூடாது என்பது. ஆனால் தொட்டிக்குள் போன கழிவு எதிர்பார்த்தபடி சிதையவில்லை, சாதாரண செப்டிக் டேங்கைவிட அது மேலானதாக இல்லை என்று சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி 2017-ல் வெளியானது. தண்ணீர் பாட்டிலும் துணியும் அடைத்துக்கொண்டதாகப் பயணிகளின் புகார்களும் குவிந்தன. நுண்ணுயிருக்கு நேரம், சூடு, ஈரம், தொடர்ந்த கவனிப்பு எல்லாம் வேண்டும். ஓடும் பெட்டியின் அடியில் அவ்வளவையும் அமைத்துத் தருவது சுலபமில்லை.

ஓட்டலுக்கோ அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ வாங்க நினைப்பவர் கேனின் முகப்பில் இருக்கும் பச்சை இலைப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பார்க்க வேண்டும். எந்த பேசில்லஸ் என்று பெயர் இருக்க வேண்டும். வெறுமனே 'நல்ல பாக்டீரியா' என்றிருந்தால் வேண்டாம். மில்லி லிட்டருக்கு எத்தனை உயிரணுக்கள் என்ற எண்ணும், தயாரித்த தேதியும், காலாவதித் தேதியும் வேண்டும். சால்மொனெல்லா, பேசில்லஸ் சீரியஸ் போன்றவை இல்லை என்று அந்த பேட்ச்சுக்கான பரிசோதனைச் சான்றை விற்பனையாளரிடம் கேட்கலாம். தரத் தயங்குபவரிடம் வாங்கத் தேவையில்லை. கேன் விலையைப் பார்த்துப் பின்வாங்காமல், கலந்த பிறகு ஒரு வாளிக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட வேண்டும். மூக்கைத் துளைக்கும் வாசனை சேர்த்திருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. நாற்றத்தை மறைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது?

வாங்கியதும் கட்டடம் முழுக்க மாற்றிவிடாமல் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடுக்களைத் தரையையோ கழிப்பறையையோ பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் பழைய முறை, மறு பாதியில் பயோ கிளீனர் என்று நான்கு வாரம் ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி மாப்பு, தனித்தனி வாளி. முதல் நாளும் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் அதே டைல் இடுக்கை அதே வெளிச்சத்தில் செல்போனில் படமெடுத்து வைக்க வேண்டும். நாற்றம் எப்படி இருக்கிறது, கால் வழுக்குகிறதா என்று அங்கே வேலை பார்ப்பவர்களையே கேட்க வேண்டும். மேலாளரைவிட அவர்களுக்குத்தான் தெரியும். ஆட்கள் மாறும் ஷிப்டில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். காலையில் வருபவர் பழக்கத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டால், இரவெல்லாம் விழித்து வளர்ந்த பாக்டீரியா பத்து நிமிடத்தில் போய்விடும். சோதனைப் பாதியின் சுவரில், என்ன ஊற்றலாம், என்ன ஊற்றக் கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும்.